பதினேழாம் விதிக்குக் காரணம்

பதினாறு விதிகளை அவளே அடித்து நீக்கிவிட்டாள்.

கை கூசவில்லை. கூச என்ன இருக்கிறது? ஒரு சிப்புக்கு எழுதிய நிரல் இன்னொரு சிப்பிலும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவள் எழுதிவைத்தவை. பெயர்கள் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாதாம். எல்லாம் ஒரே ஃப்ளாப்பியில் அடங்க வேண்டுமாம். படிக்கும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

பக்கத்தில் நின்ற டீம் லீடர் நவநீதனுக்கும் வந்தது. பச்சைக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்குப் புது சிப் போட்டிருக்கிறார்கள். நாளை அது ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அதற்குள் இந்தப் பழைய பட்டியலுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

பதினேழாவதில் அவள் விரல் நின்றது.

'ஒற்றை பைட்டில் மைனஸ் நிற்கும் என்று நம்பாதே.'

ஒவ்வொரு விதிக்கும் எதிரே 'ஏன்?' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் கொண்டுவந்த வழக்கம்தான். காரணம் எழுதாத விதியை எவன் மதிப்பான் என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள்!

பதினேழுக்கு மட்டும் கட்டம் காலி.

"இதையும் தூக்கிடலாம் மேடம். இப்பல்லாம் எல்லா சிப்பும் ஒண்ணுதான். பதினஞ்சு வருஷமா நாம அப்படித்தானே எழுதறோம். ஒண்ணும் ஆகலையே?"

உண்மைதான். ஒற்றை பைட் என்கிற சின்ன நினைவறையில் மைனஸ் எண்ணை வைக்க இந்தப் பதினைந்து வருடச் சிப்புக்குத் தெரியும்.

அதற்கு முந்தையதற்குத் தெரியாது. அவர்கள் நிரல் எழுதும் சி மொழி அதைச் சிப்பின் இஷ்டத்துக்கே விட்டிருந்தது. இன்றும் அப்படித்தான் விட்டிருக்கிறது.

மேஜையில் கிடந்த, புது சிப் பதித்த போர்டைப் பக்கத்தில் இழுத்தாள். மூன்று வரி எழுதினாள். ஒற்றை பைட்டில் மைனஸ் ஒன்றை வைத்து, என்ன வைத்தேன் என்று அதையே கேட்டாள்.

255 என்றது. பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டு என்பதே இந்தச் சிப்புக்கும் தெரியவில்லை.

"ஐயையோ" என்றான் நவநீதன். பிறகு சுதாரித்துக்கொண்டான். "நாளைக்கு அனுப்ப முடியாது. விதி இருக்கட்டும் மேடம். காரணம் மட்டும் போட்டுடுங்க. மைனஸ் ஒண்ணு, எரநூத்தி அம்பத்தஞ்சு ஆயிடுதுன்னு. அது போதும்."

போதும்தான். விதியை எழுதிய அன்றைக்கும் அது போதுமாயிருந்தது. அதைக்கூட அவள் எழுதவில்லை. எழுதினால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில் கரண்ட் போனது. இன்குபேட்டர் பாட்டரிக்கு மாறியது. அப்போது மட்டும் ஓடுகிற பத்து வரிகள் அவள் எழுதியவை.

குழந்தையின் உடல் சூடு, இருக்க வேண்டியதைவிட ஒரு டிகிரி இறங்கியது.

மைனஸ் ஒன்று.

இருநூற்று ஐம்பத்தைந்து டிகிரி அதிகம் என்று படித்த சிப், ஹீட்டரை அணைத்தது.

கரண்ட் போனதால் வந்த வினை என்றார்கள் ஆஸ்பத்திரியில். கம்பெனியும் ஆமாம் போட்டது. அவளுக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சத்தமில்லாமல் திருத்தினாள். விதியை எழுதினாள். கட்டத்தைக் காலியாக விட்டாள்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பயம், வேறென்ன?

ஆஸ்பத்திரி அனுப்பிய அறிக்கையில் குழந்தையின் பெயருக்கான இடத்தில் பெயர் இல்லை. வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கையில் கட்டும் பட்டையில் அம்மா பெயரைப் போட்டு எழுதுவார்களே, அதையே அங்கேயும் எழுதியிருந்தார்கள்.

"நான் டைப் பண்ணட்டுமா மேடம்?"

வேண்டாம் என்று தலையசைத்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலிக் கட்டத்தில் மெதுவாக எழுதினாள்.

'பேபி ஆஃப் மரகதவல்லி. ஒன்பது நாள்.'

நவநீதன் குனிந்து படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"இது யாரு மேடம்?"

இருபத்திரண்டு வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி.

"உக்காருங்க நவநீதன்" என்று பக்கத்து நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டாள்.