மூன்று நாள் சமையல்

ரசத்தில் உப்பு தூக்கல். புளியின் பச்சை வாசனைகூடப் போகவில்லை.

கொல்லைப்பக்கத்து அறையில் பாய்மேல் உட்கார்ந்து சேஷம்மாள் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள். பெருங்காயம் கட்டியாக நாக்கில் மாட்டியது. இருபத்தைந்து வருஷமாகத் தாலுக்கா ஆபீசில் பைல் கட்டுகிற மனுஷர் வைத்த ரசம் வேறு எப்படி இருக்கும்?

அது போகட்டும். கூடத்தில் அப்பாவும் பிள்ளையும் பெண்ணுமாக மூன்று பேர் அதே ரசத்தை ஒரு வார்த்தை பேசாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மற்ற நாட்களில் இந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாக்கு நாலு முழம்.

மூத்தவன் ராஜாராமனுக்கு வறுத்தரைத்த சாம்பார் இல்லாவிட்டால் சோறு இறங்காது. பூசணிக்காயைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுவான். சின்னவள் ஞானத்துக்குச் சாம்பார் ஆகாது. தேங்காய் அரைத்துவிட்ட மொளகூட்டல் வேண்டும், அதிலும் கீரை கூடாது. காலேஜுக்கு பஸ் போய்விடும் என்று கத்திக்கொண்டே தயிர்சாதத்திலிருந்து கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைப்பாள்.

இவர்களைப் பெற்ற வெங்கிடேஸ்வரன் இந்த இரண்டையும் தொடமாட்டார். அவருக்குப் புளிங்கறி. எமர்ஜென்சி வந்ததிலிருந்து ஆபீசில் பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பதால், எட்டரைக்கெல்லாம் எல்லாம் சூடாகவும் இருக்க வேண்டும்.

நாலு மணிக்கு எழுந்து, ஈர விறகோடு மல்லுக்கட்டி, மூன்று பேருக்கு மூன்று குழம்பு வைத்துப் பரிமாறினால் கிடைப்பது மூன்று சுளித்த மூஞ்சி.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவள் அடுக்களைக்குள் போகக்கூடாது. அந்த மூன்று நாளும் வெங்கிடேஸ்வரன் சமையல். ஒரு சாதம், ஒரு ரசம், தணலில் சுட்ட அப்பளம், மோர். முதல் நாள் வைத்ததேதான் மூன்றாம் நாளும்.

சேஷம்மாளுக்கோ அந்த மூன்று நாளில்தான் முதுகு தரையில் படும். பழைய வாரப் பத்திரிகைகளைப் படிப்பாள். பட்டப்பகலில் தூங்குவாள். கல்யாணமாகி வந்த இந்தக் கல்பாத்தி வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இன்று இரண்டாம் நாள். ஆடி மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்த ராஜாராமன் தன் தட்டைத் தானே கிணற்றடிக்கு எடுத்துப் போனான். தட்டில் ஒரு கறிவேப்பிலைகூட மிச்சமில்லை. வழித்துத் தின்றிருக்கிறான், கடன்காரன்.

பின்னாலேயே வந்த ஞானம் அறை வாசலில் எட்டி நின்றாள்.

"அம்மா, அப்பாவோட ரசம் என்ன நன்னா இருக்கு, கேட்டயா! நீயும் தெனம் இப்படி ஒண்ணு மட்டும் பண்ணினாப் போறுமே. எதுக்காக்கும் வீணா மூணு கூட்டான் வச்சுக் கஷ்டப்படறாய்?"

வீணா!

சேஷம்மாளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போன மாதம் ஒரு நாள் தலைவலி தாங்காமல் ரசத்தோடு நிறுத்தினபோது, "வெறும் ரசமா?" என்று சாப்பிடாமல் காலேஜுக்குப் போனது இதே பெண்தான். ராஜாராமன் பாங்குக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவர் மட்டும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புருஷன் உப்பை அள்ளிப் போட்டால் அது நன்னா இருக்கிறது. அவள் ஒன்றோடு நிறுத்தினால் பஞ்சம் வந்துவிடுகிறது. என்ன நியாயம் இது?

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். இப்போதே போய் அந்த ரசத்தைச் சாக்கடையில் கொட்ட வேண்டும். இந்த மாதம் முழுக்கப் பூசணிக்காயும் கீரையும் தவிர வேறு எதுவும் இந்த வீட்டில் வேகக்கூடாது. ஒரு கால் வாசற்படியைத் தொட்டுவிட்டது.

அப்போது வெங்கிடேஸ்வரன் மோர்ப் பாத்திரத்தோடு வந்து நின்றார். வேட்டியெல்லாம் கரி. அவள்மேல் படாமல், பாயோரத்து டம்ளரில் உயரத்திலிருந்து மோரை ஊற்றினார். பிறகு, பிள்ளைகள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளன்னிக்குக் கார்த்தால குளிச்சுட்டு உள்ள வந்துடுவயோன்னோ? என்னோட ரசத்தை என்னாலயே குடிக்க முடியலை. ஒரு புளிங்கறி சாப்பிட்டா தேவலை."

சேஷம்மாள் வாசற்படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"முடியாது. இந்தத் தடவை அஞ்சு நாளாவது ஆகும். இந்த வயசுல அப்படித்தானாம்."

இந்தப் பேச்சு வந்தாலே வெங்கிடேஸ்வரனுக்குக் கண் எங்கே பார்ப்பது என்று தெரியாது. "சரி சரி, நீ எழுந்திருக்காதே" என்று முணுமுணுத்துவிட்டுக் குடையைத் தேடிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் மூன்று பேரும் கிளம்பினார்கள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சேஷம்மாள் மோரைக் குடித்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்தாள். இனி எல்லா மாதமும் ஐந்து நாள் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

அவளுக்குக் கடைசியாகத் தூரம் வந்தது, போன ஐப்பசித் தேருக்கு முந்தின வாரம். அதற்குப் பிறகு இந்த எட்டு மாதமும், நாள் தவறாமல், அவளாகத்தான் வந்து இந்தப் பாயில் உட்கார்ந்துகொள்கிறாள்.