ஒரு வழமை குறையாமல்

"அது ஊரா ரஹீமா? ஜகார்த்தாவாம் ஜகார்த்தா! நம்ம ஷார்ஜா குப்பை வண்டிகூட அந்தத் தெருவுக்குள்ள போக யோசிக்கும்."

ஷம்சாத் விமானம் இறங்கி வந்து இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை, வாயைத் திறந்துவிட்டாள். எதிர் ஃப்ளாட் ரஹீமா பீவியும் காயல்பட்டினத்துக்காரிதான். கையிலிருந்த சுலைமானித் தேநீரைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பைக்கெல்லாம் நடைபாதையில ஓடுது, மனுசன் ரோட்டுல நடக்குறான். கூப்பிடு தூரத்துக்கு ரெண்டு மணி நேரம்!"

"காலையில நம்ம துபாய் ரோடு மட்டும் என்ன வாழுதாம் ராத்தா?"

"இங்கே ஏசியில உட்கார்ந்துல்ல காத்துக் கிடக்கோம்? அங்கே ஆத்துப் பக்கம் போனா மூக்கைப் பொத்தணும். கறியில சீனி போடுறாங்க, அல்லாஹ்வே!"

எரிச்சல் ஊர்மேல் மட்டும் இல்லை. ஒரே மகன் ஆகில், தன்னோடு வேலை பார்த்த ஜகார்த்தாக்காரி சப்ரீனாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, பெண் பார்க்க அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தான். மகன் கைநழுவிப் போய்விடுவானோ என்று ஷம்சாத்துக்குப் பயம்.

"வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

"சொன்னா இவன் முறுக்கிக்குவான். நயமாப் பேசினேன். எங்க காயல் வழமை ஒண்ணு குறையாம நடந்தா எனக்குச் சம்மதம்னேன். அவங்களுக்கு நம்ம வழமை ஒத்து வருமா? பாதியிலேயே ஓடிருவாங்க."

ரஹீமா பெருமூச்சு விட்டாள். "நீங்க கெட்டிக்காரி. எம் மூத்தவன் கல்யாணமான நாள்லேருந்து மாமியார் வீட்டோட ஒட்டிக்கிட்டான். ஊருக்குப் போனா என்னை விருந்தாளி மாதிரி பார்த்துட்டுப் போறான்."

"உன் மகன் அப்படி. என் மகன் என்னை விட்டு நகர மாட்டான்."

சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த ஷம்சாத்தின் கணவர் மக்தூம் லேசாக இருமினார். ஷம்சாத் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்த ஆகில் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தான்.

"உம்மா, சப்ரீனா வாப்பாகிட்ட நம்ம வழமையெல்லாம் ஒண்ணொண்ணா சொன்னேன். எல்லாத்துக்கும் சம்மதமாம்!"

ஷம்சாத் ரஹீமாவை விட்டு மகன் பக்கம் திரும்பினாள். "எல்லாத்துக்குமா?"

"அவங்க பூர்வீகம் சுமத்ராவாம். அங்கேயும் இதே வழமைதானாம். மனுசனுக்குத் தலைகால் புரியல. மாடி அறைக்கு இன்னைக்கே வெள்ளையடிக்க ஆள் விட்டுட்டார்."

"யாருக்குடா மாடி அறை?"

ஆகில் வாப்பாவைப் பார்த்தான். மக்தூம் டிவியை அணைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நிதானமாகப் பேசி ஷம்சாத் கேட்டதில்லை.

"நம்ம வழமைப்படி நிக்காஹ் முடிஞ்சு நான் உன் வீட்டோட வந்தேன்ல? அவன் அந்த ஊருக்குப் போறான்."