கோழி மருந்து

“மைனி, இது கோழிக்கா?”

லேகா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அண்ணன் மனைவி ஷியாமளா, பூண்டு, சுக்கு, மிளகு, வெந்தயம், ஓமம் எல்லாம் அரைத்துச் சட்டியில் போட்டு, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். வாசம் தெருமுனை வரைக்கும் தூக்கியது.

“கோழிக்குத்தான். தீவனத்திலே கலந்து குடுத்தா சீக்கு வராதாம்.”

“கருப்பட்டியுமா?”

ஷியாமளா குனிந்து அடுப்பைத் தணித்தாள்.

முன்னறையில் போன் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பொன்னப்பன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“நல்லா கேளு லேகா. யூடியூபிலே எவனோ சொன்னானாம். ஜில்லா முழுக்கத் தேடினாலும் இப்பிடி ராஜபோகம் உள்ள கோழி கிடைக்காது. பூண்டு தீந்துபோச்சுண்ணு இவ சொல்லுவா, நானும் பாறசாலை சந்தையிலேருந்து சுமந்துட்டு வாறேன். உயிரோடயே மசாலா போடுகாளாக்கும்.”

லேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் மகள் பிரசீதா பிள்ளை பெற்று அதிக நாள் ஆகவில்லை. வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிற சிபினை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு போனவள். வேறு மதம். அன்றைக்கே பொன்னப்பன் சொல்லிவிட்டார், “இந்த வீட்டிலேருந்து ஒரு பருக்கை அங்க போனா, பின்ன நான் இங்க கை நனைக்கமாட்டேன்” என்று. மனுஷன் சொன்னால் சொன்னதுதான், அப்படியொரு பிடிவாதம்.

சிபினுக்குத் தாயும் கிடையாது. பச்சை உடம்புக்காரியைப் பார்க்க அங்கே நாதியில்லை. பால் பற்றாமல் பிள்ளை அழுது தொண்டை கட்டிப்போச்சு என்று நேற்று பஸ்ஸில் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் லேகா அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தாள். வந்து பார்த்தால் இங்கே கோழிக்கு லேகியம் கிண்டுகிறார்கள்.

“நீங்க பெத்த அம்மைதானா மைனி?” என்று கேட்டேவிட்டாள். “பேறு கழிஞ்ச பெண்ணுக்குக் குடுக்குற மருந்தை எல்லாம் கிண்டிக் கோழிக்குப் போடுதீங்க. அங்க உங்க மக ஒரு பல்லு பூண்டுக்கு வழியில்லாம கிடக்கா. எப்பிடி மனசு வருது?”

ஷியாமளாவின் கை சட்டியில் அப்படியே நின்றது. முகம் வெளுத்து, பயந்து பயந்து முன்னறைப் பக்கம் பார்த்தாள்.

பொன்னப்பன் மெதுவாக எழுந்தார்.

“கோழியும் முட்டை இடுதில்லியா? அதுக்கும் பேறுதான். அவளுக்க பேரை இங்க எடுக்கப்பிடாது.”

சட்டையை மாட்டிக்கொண்டு, முற்றத்தில் நின்ற ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டார்.

பெற்ற மகளை இப்படிப் பேச ஒரு அப்பனுக்கு நாக்கு வருமா? லேகா ஆடிப்போனாள். இனி இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று பின்வாசல் வழியே இறங்கினாள்.

அங்கே கோழிகள் தட்டைக் கொத்திக்கொண்டு நின்றன. குனிந்து பார்த்தாள். வெறும் தவிடும் பழஞ்சோறும். பூண்டும் இல்லை, மிளகும் இல்லை. மேலாக ஒரு நுள்ளு மஞ்சள்பொடி தூவியிருந்தது. கோழிகளின் மூக்கு மட்டும் மஞ்சளாக இருந்தது.

அப்படியானால் அந்தச் சட்டியில் கிண்டியது எங்கே போகிறது?

திரும்பினாள். ஷியாமளா முந்தானைக்குள் ஒரு தூக்குவாளியை மறைத்துக்கொண்டு பின்கேட்டுக்கு வந்தாள். வெளியே, தினமும் வெள்ளறடைக்கு ரப்பர் ஷீட் எடுக்கப் போகிற ரதீஷின் ஆட்டோ காத்துக்கொண்டு நின்றது.

“மைனி...”

“சத்தம் போடாத மக்கா, உனக்க காலைப் பிடிக்கேன். பிள்ளை பிறந்த நாள் முதல் இப்பிடித்தான் போவுது. அண்ணன் அறிஞ்சா பட்டினி கிடந்தே செத்துப்போவாரு.”

தான் கேட்ட கேள்வியை நினைத்து லேகாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“ரதீஷே, வண்டியை எடுக்காத.”

பொன்னப்பனின் குரல். ஷியாமளா வாளியை இன்னும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர் வாளியைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து எடுத்து வந்த ஒரு கவரை ஆட்டோ சீட்டில் வைத்தார். உள்ளே பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்காக அவித்துக் கொடுக்கிற மீன்.

“விடியுமுன்னே பூவார் போயி வாங்கினது. இதுவும் கோழிக்குத்தான்” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

“அண்ணா, அப்போ உங்களுக்கு எல்லாம்...”

“கோழிக்கு ஆராவது கருப்பட்டி கிண்டுவாளாட்டி?”

ஷியாமளா துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நேத்து வெள்ளறடை ரோட்டிலே கொஞ்ச நேரம் நிண்ணேன். குஞ்சு பசிச்சு அழுவுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. வாய்விட்டுச் சொன்ன சொல்லு ஒண்ணு கிடக்கு, நான் உள்ள ஏற ஒக்காது. நீ போ லேகா. அவிச்சு உதுத்து, பக்கத்திலே இருந்து தின்ன வை.”

லேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ரதீஷ் வண்டியை எடுத்தான். நாலு அடி போயிருக்காது, பொன்னப்பன் பின்னாலேயே ஓடி வந்து கம்பியைப் பிடித்தார்.

“வந்து எனக்கிட்ட மட்டும் சொல்லணும். குஞ்சு ஆருக்க சாடைண்ணு.”