முப்பதாவது நகர்வு

ஜமுனாமரத்தூரில் நடந்த சதுரங்க இறுதிப் போட்டியில் தீர்த்தகிரி ஜெயித்ததும், நடுவர் மெர்சிலின் அவரைத் தனியே அழைத்தார்.

"முப்பதாவது நகர்வுல ராணியை வெட்டக் கொடுத்தீங்களே, யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க மேடம். பாக்கெட்டைப் பாருங்க, போன்கூட இல்ல."

"நெஜமா?"

"சாமி சத்தியமா. பத்து நிமிஷம் நானே யோசிச்சு வெச்சேன்."

குரலில் பெருமை தெரிந்தது. மெர்சிலின் பெருமூச்சுடன் முடிவுத் தாளில் அந்த வெற்றியைக் கோடு போட்டு அடித்தார்.

"இன்னா மேடம், நானே யோசிச்சது தப்பா?"

"தப்புதாங்க. இது கம்ப்யூட்டருங்களுக்கு நடக்குற போட்டி. அது திரையில காட்டுற நகர்வை அப்படியே பலகையில வைக்கத்தான் உங்களை உட்கார வெச்சோம்."

வாசலில் ரம்யா ஓடி வந்தாள். இரண்டு வருடமாக அந்தக் கம்ப்யூட்டருக்கான புரோகிராமை எழுதிய தீர்த்தகிரியின் மகள்.

"அப்பா, என் புரோகிராம் ஜெயிச்சிடுச்சா?"

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஜெயிச்சிட்டேம்மா. அதனால அது தோத்துடுச்சு."