மலை பார்த்த ஜன்னல்

டார்ம்ஸ்டாட், 1971. சுந்தரராஜன் வீட்டு மேஜையில் ஸ்பிட்சிங் ஏரியின் மேப் விரிந்து கிடந்தது. போன குளிர்காலத்தில் அங்கே போய் வந்த நண்பன் சிதம்பரம் அதில் விரல் வைத்தான்.

“ஏரிக்கரை ஹோட்டல்ல தங்குடா. பக்கத்துலயே குழந்தைங்க பனியில சறுக்கி ஸ்கீ பழகற மேடு இருக்கு. உனக்கு அது போதும்.”

“வேண்டாம். இந்தப் பெரிய சரிவுக்கு எதிர்ல ஏதாவது இருக்கா?”

“அதுல இறங்க ஜெர்மன்காரனே யோசிப்பான்! ட்ராம் ஸ்டாப் பனியில வழுக்கி விழுந்து கையில கட்டுப் போட்டுக்கிட்ட ஆளு நீ!”

“இருக்கா, இல்லையா?”

“ஒரு சின்ன விடுதி இருக்கு. ஏரி தெரியாது. ஜன்னலைத் திறந்தா மலைதான்.”

“அதுதான் வேணும்.”

சுந்தரராஜனின் மனைவி கிரிஜா காபி கொண்டுவந்து வைத்தாள்.

“சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. இவன் காலை உடைச்சுக்கப் போறான்!”

கிரிஜா சிரித்தபடி உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது வாசலோரம் இருந்த ஸ்கீ பூட்ஸில் ஒன்றைச் சிதம்பரம் கையில் எடுத்தான். முனையெல்லாம் உராய்ந்து தேய்ந்திருந்தது.

“டேய், இதுல உன் கால் பாதிகூட நுழையாதே!”

“என் கால் எதுக்கு நுழையணும்? அது கிரிஜாவோடது. மூணு வருஷமா அவ வேலை பார்க்கற லேப் பொண்ணுங்களோட மலைக்குப் போறா.”

சிதம்பரம் பூட்ஸை மெதுவாக, இருந்த இடத்திலேயே வைத்தான்.

“அப்போ நீ?”

“ஜன்னல்ல உக்காந்திருப்பேன். ஏரி கிடக்கட்டும்டா. அவ உச்சியிலேர்ந்து இறங்கி வர்றதை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கலையே!”