மீதி முப்பத்தாறு

நேற்றைய மீதி முப்பத்தாறு. மீதி வந்தால் நதீரா வென்றாள் என்று அர்த்தம். இத்தனை நாளில் அவள் ஒரு தரம்கூடத் தோற்றதில்லை.

மடியில் கிடந்தது அவள் புருஷன் கணக்கு வாத்தியார் அப்துல் ஸமட்டின் கொப்பி. மட்டையில் 537289 என்று பெரிதாக எழுதி, பக்கத்துக்கு ஒரு முதன்மை எண்ணாக 2, 3, 5, 7 என்று வரிசையாகத் தலைப்பிட்டு வைத்திருந்தார். ஈரல் கெட்டு மருதமுனை வீட்டில் படுக்கையோடு கிடந்தபோது செய்த வேலை.

அப்போது புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஓயாத வாக்குவாதம்.

"நான் மௌத்தானா நீ இன்னொரு கலியாணம் முடிக்கணும்."

"முடிக்க மாட்டன்."

"சரி, இந்த எண் சொல்லட்டும். இது முதன்மை எண்ணெண்டா நீ தனியவே இரி. எதாலயாவது மீதியில்லாமப் பிரிபட்டா நான் சொன்னதக் கேக்கணும். எழுநூத்தி முப்பத்திமூண்டு வரைக்கும் பாத்தாப் போதும்."

"ஓம்."

"நான் மௌத்தான நாள்ல இருந்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். அவசரப்பட்டாப் பிழைக்கும்."

சாகக் கிடந்தாலும் வாத்தியார் வாத்தியார்தானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் மௌத்தான அன்று ஊரே அழுதது. அவளுக்கு மட்டும் வரவில்லை. வெள்ளை உடுத்தி, கைம்பெண் மறுமணத்துக்கு முன் காத்திருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாளும் அறைக்குள் இத்தா இருந்தாள். சோறு வந்தால் தின்றாள், தொழுதாள், ஒரு பக்கம் வகுத்தாள். பக்கத்து வீட்டுத் தறி நாள் முழுக்கத் தடதடத்தது, அதுகூட அவள் காதில் ஏறவில்லை. மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

இன்று கடைசிப் பக்கம். 733. இதிலும் மீதி வந்துவிட்டால் வாழ்நாளெல்லாம் அவருடைய பெண்சாதியாகவே இருந்துவிடலாம்.

வகுத்தாள். மீதி பூச்சியம். விடையும் அதே 733.

மறுபடியும் வகுத்தாள். பூச்சியம்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவளுடைய மூத்தவள், ஹாஜறா ராத்தா வந்தாள். கையில் பச்சைச் சாரி.

"எழும்பு புள்ள. இண்டையோட நூத்தி முப்பது நாள். இத்தா முடிஞ்சிட்டு."

நதீரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கொப்பியை முன்னுக்குப் புரட்டி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது நூற்று முப்பது.

எழுநூற்று முப்பத்துமூன்றை அதே எண்ணால் பெருக்கினால் வருவது இந்த எண். அதற்கு முந்திய எந்த முதன்மை எண்ணுக்கும் அது மசியாது. நான்கு மாதமாக வராத கண்ணீர் பொலபொலவென்று கொப்பியில் விழுந்தது.

"என்ன புள்ள, கணக்குப் பிழைச்சிட்டா?"

"இல்ல ராத்தா. நான் தோக்குற நாளையும் அவரே குறிச்சி வெச்சிட்டுப் போயிரிக்காரு."