இழுவை இல்லாத பாட்டு

கணக்கப்பிள்ளை செல்லத்துரை இன்றைக்கும் வந்துவிட்டார். தேயிலைச் சரிவுக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கொழுந்து கிள்ளும் கைகளுக்காக ராமுத்தாய் பாடுகிற பாட்டுக்குத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

“சொக்கிப் போயிட்டாருடி மனுசன்!” என்று பக்கத்து நிரைப் பெண்கள் சிரித்தார்கள்.

அழகுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விரலைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளாகவே கங்காணி பெரியமுத்து கூடைக்கான எடையை ஏற்றிக்கொண்டே போகிறார். எடை குறைந்தால் பேர் வெட்டு. பேர் போனால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டிலோ புருஷன் மொக்கையன் மலைக்காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

ராமுத்தாய் ஒருத்திதான் ஆறுதல். ஒரே ஊர், நாத்தனார் முறை. பாடுகிற வாய்க்குக் கை ஓடாது என்று ஆளுக்கொரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போடுவது அங்கே வழக்கம். நிரையிலேயே மெதுவான கை அழகுத்தாய்க்கு; ஆனாலும் தன் கூடை நிறையாத நாளிலும் அந்தப் பிடியைப் போட்டுவிடுவாள்.

ராமுத்தாயும் சும்மா சொல்லக்கூடாது, தினமும் மறக்காமல் விசாரிப்பாள்: “மதினி, பாட்டுக்குக் கை எட்டுதா?” கூடப் பிறந்தவள்கூட இப்படிக் கேட்டதில்லை.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அழகுத்தாய்க்குச் சட்டென்று பிடிபட்டது. பழைய பாட்டில் நாலு தட்டு, நாலு கிள்ளு. அப்புறம் நீளமாக ஓர் இழுவை. அந்த இழுவையில் இடுப்பை நிமிர்த்திக்கொள்ளலாம்.

வண்டிப்பெரியார் நாடகக் கொட்டகையில் கேட்டதென்று ராமுத்தாய் கொண்டுவந்த புதுப்பாட்டு மும்மூன்று தட்டாக ஓடுகிறது. வலது, இடது, வலது; அடுத்த அடியை இடது கை தொடங்கிவிடும். நிற்க இடமே கிடையாது.

“ஏ ராமு, எடை எப்படி ஏறுதுன்னு கண்டுபிடிச்சிட்டேன். நம்ம பாட்டுதான் புள்ள!”

“என்ன மதினி சொல்றீக?”

“தட்டுக்கு ஒரு கிள்ளு. இழுவைய வெட்டிட்டா அந்த எடத்துலயும் கிள்ளு விழுகும்ல? அடிக்கு அடி கூடும். நாள் பூராக் கூட்டிப் பாரு! அந்தக் கணக்கப்பிள்ள பாட்டு ரசிக்கல, தட்டு எண்ணுறான்.”

ராமுத்தாயின் முகம் வெளுத்துப்போயிற்று. “அடப்பாவி!” என்றாள்.

“நாளைக்குப் பழைய பாட்டப் பாடு. எல்லாக் கூடையும் ஒண்ணாக் கொறஞ்சா யாரு பேர வெட்டுவாக?”

“பாடுறேன் மதினி.” ராமுத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பச்சைக் கறை ஏறி வெடித்திருந்த விரல்களைத் தடவிக் கொடுத்தாள். “இன்னைக்குக் கை எட்டுச்சா?”

“உசுரக் குடுத்து எட்டிப் பிடிச்சேன் தாயி.”

அழகுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மலையில் தனக்கென்று ஒருத்தி இருக்கிறாளே!

சாயங்காலம் பாதி வழி போனவளுக்கு, எடைக் கொட்டகையில் கம்பளியை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் கங்காணியின் குரல் கேட்டது.

“தொரை இன்னும் கொழுந்து வேணுங்கிறாரு. இப்ப ஓடுற தட்டுக்கு எல்லாக் கையும் வந்திருச்சா?”

கணக்கப்பிள்ளையிடம்தான் கேட்கிறார்! கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான். அழகுத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டியில் காதை வைத்தாள்.

பதில் வந்தது. பகலெல்லாம் கேட்ட அதே இனிமையான குரல்.

“மதினி கையே எட்டிருச்சு கங்காணி; நாளைக்கு இன்னும் வெரசாப் பாடுறேன்.”